மூன்றாம் மாடி ஓபரா

முதல்முறை மூன்றாம் மாடி அக்கா வீட்டுக் கதவைத் தட்டியபோது என் இடுப்பில் எட்டு மாதக் குழந்தையும் கையில் பூரிக்கட்டையும் இருந்தன. பூரிக்கட்டை எதற்கு என்று இன்றுவரை எனக்கே விளக்கத் தெரியவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மாடியில் ஒரு பெண் அலறினாள். சற்று நிறுத்தினாள். பிறகு முன்பைவிட உச்சத்தில் அலறினாள். போலீஸைக் கூப்பிடலாமா, அசோசியேஷன் செக்ரட்டரியைக் கூப்பிடலாமா, இன்னொருவர் குடும்ப விஷயத்தில் தலையிடுவது முறைதானா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே, எதையும் முடிவு செய்யாமல், தரைத்தளத்திலிருந்து மூன்றாம் மாடிவரை ஏறிவிட்டிருந்தேன்.

கதவைத் திறந்தவர் பூரிக்கட்டையைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி பூரிக்கட்டையைப் பார்த்தார்.

"உள்ள வாம்மா. அவளுக்கு ஒண்ணும் ஆவல. லீவு கேட்டுக்கினு கீறா. மேனேஜர் தர மாட்டேன்றான்."

உள்ளே யாரும் இல்லை. டிவியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கணினியைப் பார்த்தபடி ஒரு ஆள். மேடைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் முப்பது நாற்பது பேர் வயலினும் எக்காளமுமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மூச்சை இழுத்து மறுபடி அலறினாள்.

"இதுதான் ஓபரா" என்றார் அக்கா. "நாடகம் மொத்தமும் பாட்டுதான். பேச்சுன்னு ஒரு வரி வராது. இது பழசு இல்ல, இப்ப எழுதினது."

"லீவு கேக்கறதுக்கா அக்கா இவ்ளோ?"

"ஏன், நீ லீவு கேட்டதே இல்லியா?"

என் பிரசவ விடுப்பை இன்னும் சில மாதம் நீட்டிக்கச் சொல்லி ஆபீஸுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, அழித்து, மறுபடி எழுதிக்கொண்டிருந்த வாரம் அது. மனதுக்குள் நான் போட்ட சத்தத்தோடு ஒப்பிட்டால் டிவியில் இருந்தவள் முணுமுணுத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பில் இருந்த குழந்தை வாயைப் பிளந்து அவளையே பார்த்தது. அழவில்லை.

படப்பையைத் தாண்டி ஒரகடம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. இங்கே பாதிப் பேர் கார் கம்பெனி, மீதிப் பேர் காருக்குப் பாகம் செய்யும் கம்பெனி. அக்கா முதல் வகை. திருமணம் செய்துகொள்ளவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கலாம், கேட்டதில்லை. அவர் வேலை என்னவென்று அவரே சொன்னபோது விளையாடுகிறார் என்று நினைத்தேன். புதிதாகச் செய்த காரில் ஏறி உட்கார்ந்து, மேடும் பள்ளமுமான ஒரு பாதையில் ஓட்டச் சொல்லி, எங்கே கிறீச்சிடுகிறது, எங்கே கடகடக்கிறது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குச் சம்பளம்.

அந்தக் காதை வேலை முடிந்ததும் கழற்றி வைக்க அவருக்குத் தெரியாது. என் சமையலறையில் டீ குடித்துக்கொண்டே, "உன் குக்கர் இப்பதான் ரெண்டாவது விசில். மூணாவதா வந்தது பக்கத்து வூட்டுது. அடுப்ப அணைச்சிடாத" என்பார். குழந்தை அழுதால் என்னைப்போல் ஓடமாட்டார். தலையைச் சாய்த்துக் கேட்பார். "இது பசி இல்ல. போர் அடிக்குது அதுக்கு." அது சரியாக இருந்ததா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. அவர் சொன்னபின் நான் எப்படியும் ஒருமுறை பால் கொடுத்துப் பார்ப்பேன்.

இந்த ஓபரா அவருக்கு எங்கே ஒட்டிக்கொண்டது என்றால், கம்பெனி பயிற்சிக்காக ஐரோப்பா போனபோது. கூட வேலை செய்தவர்கள் ஒருநாள் மாலை அழைத்துப் போயிருக்கிறார்கள்.

"கிரீடம் வெச்ச ராஜா வருவான், குண்டா ஒரு அம்மா மார்ல கத்தி குத்திக்கினு அரை மணி நேரம் சாவாங்கன்னு நெனச்சிப் போனேன்மா. தெர தூக்கினா, நாலு பேர் லிப்ட்ல மாட்டிக்கினு கீறாங்க. மொத்தக் கதையும் லிப்ட்டுக்குள்ளயே. ஒருத்தன் போனுல சார்ஜ் இல்லன்னு பாடறான். சார்ஜ் இல்ல, சார்ஜ் இல்ல, சார்ஜ் இல்ல. கேக்கக் கேக்க எனக்கு அழுக வந்துட்ச்சு."

"சார்ஜ் இல்லாததுக்கா?"

"அவங்கிட்ட யாரும் பேசாததுக்கு. மொதல்ல எனக்கும் தெரியல. பத்தாவது தபா பாடும்போதுதான் தெரிஞ்சுது."

அவர் சொன்னதில் எனக்கு ஓரளவு புரிந்தது இதுதான். நம் படத்தில் பாட்டு வந்தால் கதை நின்றுவிடும். அவர் ஓபராவில் பாட்டு நின்றால் கதை நின்றுவிடும். அதுவும் பழைய ஓபராவில் ராஜாவும் தேவதையும் பாடினார்கள் என்றால், இப்போது எழுதப்படுவதில் வாடகை கட்டாதவர், விமானத்தைத் தவறவிட்டவர், பரிசோதனை முடிவுக்காக ஆஸ்பத்திரி நாற்காலியில் காத்திருப்பவர் எல்லாம் பாடுகிறார்கள். சாதாரண வரிகள். "கதவைச் சாத்து." "உப்பு போதவில்லை." "அப்புறம் கூப்பிடுகிறேன்." இவற்றை ஒருத்தி நெஞ்சு வெடிக்கப் பாடும்போது, இதே வரியை நாம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம், யாராவது கேட்டார்களா என்று தோன்றிவிடுமாம்.

"போனுல கட்ட வெரல வெச்சித் தள்ளிக்கினே போறோம்ல, அதுக்கு இதுதான் மருந்து. ஒருத்தி ஒரே வரிய அஞ்சு நிமிசம் பாடினா எங்க தள்ளுவ?"

யார் என்ன குறை சொன்னாலும் "அதப் பாடிச் சொல்லு" என்பார். காய்கறி வண்டிக்காரரிடமும் சொல்வார், கேஸ் சிலிண்டர் தாமதமானால் போனில் வரும் பெண்ணிடமும் சொல்வார். ஸ்ரீபெரும்புதூரில் அவர் போகும் சர்ச்சில் பாடகர் குழுவில் இருந்தவர். அங்கே ஆராதனை முடிவில் அறிவிப்புகள் வாசிப்பார்கள். அதையும் பாடலாமே என்று இவர் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். போதகர் சிரித்து மழுப்பியிருக்கிறார். ஒரு வாரம் அறிவிப்பு வாசிப்பவர் வரவில்லை. இவரிடம் தாளைக் கொடுத்தார்கள். "வாசலில் பைக் நிறுத்த வேண்டாம்" என்ற ஒரே வரியை மேலே ஏற்றி, கீழே இறக்கி, ஆர்கன்காரர் வேறு வழியில்லாமல் பின்னால் வாசிக்க, காணிக்கைப் பை கடைசி வரிசைக்குப் போய்த் திரும்பி வரும்வரை பாடியிருக்கிறார்.

பாடகர் குழுவிலிருந்து கொஞ்சநாள் ஓய்வெடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"ஓய்வு கெடக்கட்டும். அடுத்த வாரம் வாசல்ல ஒரு பைக் நின்னுச்சா? அதச் சொல்லு" என்பார் என்னிடம்.

அவர் இப்போது இங்கே இல்லை. வேறு மாநிலத்துத் தொழிற்சாலைக்கு மாற்றலாகிப் போய் மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. என் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். அக்காவின் பெயரை எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது. கேட்டால் சம்மதித்திருப்பாரா என்று தெரியாது. அவரைப் பற்றி எழுத எனக்கு உரிமை உண்டா என்றும் யோசிக்கிறேன். ஆனால் மோட்டார் விஷயத்தை யாராவது எழுதிவைக்க வேண்டும்.

எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் மோட்டார் ரூம். தொட்டித் தண்ணீரை மாடிக்கு ஏற்றும் பெரிய மோட்டார். இந்தக் குடியிருப்பில் தண்ணீர் ஏற்றுவது வெயிலைப் பார்த்தோ விடியலைப் பார்த்தோ இல்லை, ஷிஃப்ட்டைப் பார்த்து. காலை ஷிஃப்ட் பஸ் வருவதற்கு முன் ஒருமுறை, மதிய ஷிஃப்ட் கிளம்புவதற்கு முன் ஒருமுறை, இரவு ஷிஃப்ட் கிளம்புவதற்கு முன் ஒருமுறை. எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள், ஒரே நேரத்தில் தொட்டி காலியாகும். யாரும் மறந்துவிடக் கூடாது என்று செக்ரட்டரி அதற்கு ஒரு டைமர் வைத்திருந்தார். மனிதன் மறப்பான், டைமர் மறக்காது என்று பெருமையாகச் சொல்வார்.

மதிய மோட்டார் என் மகள் தூங்கும் நேரத்தில் ஓடும். சுவர் அதிரும். தொட்டில் கம்பி கூடவே நடுங்கும். அப்போதுதான் கண்ணயர்ந்தவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்து, மூச்சு முட்ட அழுவாள். அதன்பின் சாயங்காலம்வரை தூங்கமாட்டாள், சாப்பிடமாட்டாள். எடை ஏறவில்லை. "தூக்கம் இல்லாட்டி எப்படிம்மா சாப்பாடு எறங்கும்?" என்றார் டாக்டர். அதே அறையில், கட்டிலில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்த என் கணவரும் தூங்க முயன்றுகொண்டிருப்பார். ஒருநாள் வேலைக்குப் போகும்போது பைக்கிலேயே கண் அயர்ந்து சாலையோர மணலில் இறங்கிவிட்டார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் லாரி வந்திருந்தால் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். அதை எழுத எனக்கு ஒரு முழுக் காலை ஆனது.

"சார், மதிய மோட்டார் சத்தத்தில் பாப்பா தூங்க மாட்டேங்கிறாள். தப்பா நினைக்க வேண்டாம். முடிந்தால் பாருங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை."

செக்ரட்டரியிடமிருந்து பதில் வந்தது. "தங்கள் புகார் கவனத்தில் கொள்ளப்பட்டது. பார்க்கலாம். அனைவரும் அனுசரித்துப் போகவும்." பக்கத்தில் இரண்டு கைகூப்பு. அதற்குக் கீழே ஆறேழு பேர் கட்டைவிரல் போட்டார்கள். என் புகாருக்கா, அவர் பதிலுக்கா என்று தெரியவில்லை. பத்து நாள் கழித்து மறுபடி எழுதினேன். அதே பதில், அதே கைகூப்பு. பிறகு மறுபடி. இடையில் யாரோ ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொல்லியிருந்தார்கள்.

அக்கா என் மெசேஜை வாங்கிப் படித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"புகார் ஒரு வரி. மன்னிப்பு மூணு வரி. எவன்மா படிப்பான் இத?"

"மரியாதையா எழுதணும்ல அக்கா."

"மரியாதையாவே எழுது. ஆனா இது தள்ளிட்டுப் போற மெசேஜு." அப்போது அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பொங்கல் விழா எப்ப?"

அசோசியேஷன் பொங்கல் விழாவில் வருடா வருடம் கோலம், இசை நாற்காலி, மாறுவேடம், கடைசியில் கரோக்கியில் செக்ரட்டரியின் பாட்டு. செக்ரட்டரிக்குக் கனமான, நல்ல குரல். அது அவருக்கும் தெரியும். அந்த ஆண்டு கடைசி நிகழ்ச்சி ஓபரா என்று அக்கா போய்ச் சொன்னபோது நானும் கூட நின்றேன்.

"ஓபராவா? நம்ம ஜனங்களுக்குப் புரியுமா மேடம்?"

"உங்க வாய்ஸுக்குன்னே எழுதினது சார். நீங்கதான் லீட்."

செக்ரட்டரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "பாட்டு வரிகள் யாருது?"

"உங்களுதுதான் சார்" என்றார் அக்கா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

எங்கள் குரூப்பில் ஒரு வருடமாக வந்த மெசேஜ்கள்தான் அந்த ஓபரா. அக்கா அதில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவில்லை. ரோஜாப்பூக் காலை வணக்கங்கள் தொடக்க இசை. "என் செருப்பை யாரோ மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள்" என்பது ஒரு சோகப் பாட்டு. எனக்கு எதிர்வீட்டில் கைப்பேசி கம்பெனியில் லைனில் வேலை செய்யும் பெண்கள் ஆறு பேர் சேர்ந்து தங்கியிருந்தார்கள், பெரும்பாலும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். அவர்கள்தான் கோரஸ். மெசேஜில் படம் வந்தால் அதை அவர்கள் பாட வேண்டும்.

"கட்டைவிரலை எப்படிக்கா பாடுறது?" என்றாள் ஒருத்தி.

"டொம். ஒரே அடி. அவ்ளோதான்."

"அப்ப கைகூப்புக்கு?"

"கை... கூப்பு. இழுத்து. பக்தியா."

"சிரிப்பு வந்துருமேக்கா."

"சிரிச்சா கெட்டுது. பக்தியா பாடணும். நீங்க பக்தியா பாடினாத்தான் அவுங்க சிரிப்பாங்க."

வாட்ச்மேன் அண்ணன் பக்கத்தில் வடக்குப்பட்டுக்காரர், தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர். ஒத்திகையை ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "இன்னாமோன்னு நெனச்சேன். நம்ம கூத்துதான் இது. கட்டியங்காரன் எங்க? கட்டியங்காரன் இல்லாம எப்டி மேடம்?" என்று கேட்டார். அடுத்த நாளிலிருந்து அவர்தான் கட்டியங்காரன். ஒவ்வொருவர் பாடும் முன்னும் விசில் ஊதி, "வூட்டு நம்பர் சொல்லு!" என்பது அவருக்கான வரி.

எனக்கும் பாட்டு இருந்தது. என் மெசேஜ். மாட்டேன் என்றேன். நான் பாடியதில்லை, எல்லோரும் பார்ப்பார்கள், செக்ரட்டரி கோபித்துக்கொண்டால் மோட்டாரை இன்னொரு வேளையும் சேர்த்து ஓட்டினால் என்ன செய்வது என்றேன்.

"இது அவரைக் கேலி பண்றதா அக்கா, மரியாதை பண்றதா?"

"ரெண்டுந்தான். ஓபராவே அதான். நீ பாடறியா, நான் கொழந்தையப் பாட வெக்கட்டா?"

அக்கா மோட்டார் ரூம் சுவரில் காதை வைத்து நின்றதை ஒருநாள் பார்த்தேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாயை மூடியபடி அதோடு முனகினார். பிறகு மாடிக்குப் போய்த் தன் சின்ன கீபோர்டில் என் பாட்டுக்குச் சுரம் மாற்றினார். ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டதற்கு, "உன் தொண்டைக்கு இதான் சரி" என்றார். நம்பிவிட்டேன்.

விழா அன்று வண்டி நிறுத்துமிடத்தில் மேடை. மோட்டார் ரூம் கதவுக்குப் பக்கத்திலேயே. அங்கேதான் மின் இணைப்பு வசதி என்று அக்கா சொல்லியிருந்தார். இசை நாற்காலியில் சண்டை வந்து, மாறுவேடத்தில் இரண்டு விவசாயிகள் மேடையை விட்டு இறங்க மறுத்து, நிகழ்ச்சிகள் இழுத்துக்கொண்டே போயின. அக்கா ஒன்றையும் அவசரப்படுத்தவில்லை. நடுநடுவே கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தார். செக்ரட்டரி பட்டு வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. ஒரு வாரமாகக் குளியலறையில் "பார்க்கலாம்" என்ற ஒரு சொல்லையே பயிற்சி செய்ததாக அவர் மனைவி என்னிடம் முறையிட்டிருந்தார்.

ஓபரா தொடங்கியது. முதல் ரோஜாப்பூவுக்கே ஜனங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. "ஏய், இது என் மெசேஜுடா!" என்று ஒருவர் எழுந்து நின்றார். செருப்புப் பாட்டுக்குக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பாட்டு முடியும்போது சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. செருப்பைப் பறிகொடுத்தவர் முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அது அவர் அம்மா கடைசியாக வாங்கிக் கொடுத்த செருப்பு என்று பக்கத்தில் இருந்தவரிடம் அன்றைக்குத்தான் சொன்னாராம். ஒரு வருடமாக யாரும் கேட்கவில்லை.

கோரஸ் கட்டைவிரல் போட்டது. டொம்.

விசில். "வூட்டு நம்பர் சொல்லு!"

என் முறை. கடைசி வரிசையில் என் கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவள் தூக்கக் கலக்கத்தில் இருந்தாள். "சார்..." என்று ஆரம்பித்தேன்.

சரியாக அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் மோட்டார் ஓட ஆரம்பித்தது.

இரவு ஷிஃப்ட்டுக்கான தண்ணீர். டைமர் மறக்கவில்லை. மேடைப் பலகை அதிர்ந்தது. மைக்கிலும் அந்த இரைச்சல் புகுந்து ஸ்பீக்கரில் வெளியே வந்தது. நிறுத்திவிடலாம் என்று அக்காவைப் பார்த்தேன். அவர் புருவத்தை உயர்த்தி, பாடு என்றார். பாடினேன். அப்போதுதான் தெரிந்தது, என் பாட்டின் ஆதார சுரமும் மோட்டாரின் சுரமும் ஒன்று. அது என் தம்பூராவாகிவிட்டது. மாதக்கணக்காக என்னை அழவைத்த சத்தத்தின் மேல் ஏறி நின்று, "பாப்பா தூங்க மாட்டேங்கிறாள்" என்று பாடினேன். என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியாது.

"தப்பா நினைக்க வேண்டாம்" பாடினேன். "முடிந்தால் பாருங்கள்" பாடினேன். அடுத்தது "முடியாவிட்டாலும் பரவாயில்லை." வாய் வரவில்லை. பின் வரிசையில் என் மகள் தோளிலிருந்து தலையைத் தூக்கி வீறிட ஆரம்பித்திருந்தாள். நான் "பாப்பா தூங்க மாட்டேங்கிறாள்" என்ற வரிக்கே திரும்பிப் போனேன். மறுபடி. மறுபடி. அக்கா கீபோர்டில் என் பின்னாலேயே வந்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தியிருந்தார்கள். இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள்.

விசில். "வூட்டு நம்பர் சொல்லு!"

செக்ரட்டரி முன்னால் வந்தார். மார்பை நிமிர்த்தி, கண்ணை மூடி, ஒரு வாரப் பயிற்சியையும் திரட்டி, "தங்கள் புகார்..." என்று எடுத்தார். மோட்டார் விழுங்கியது. இன்னும் சத்தமாக எடுத்தார். அதையும் விழுங்கியது. கண்ணைத் திறந்தார். கையில் மைக் இருப்பதை மறந்துவிட்டார்.

"யோவ் வாட்ச்மேன்! அத ஆஃப் பண்ணுய்யா! இந்தச் சத்தத்துல மனுஷன் எப்படிய்யா பாடுவான்?"

அந்த வாக்கியம் ஸ்பீக்கரில் மோதி எல்லா மாடிக்கும் போயிற்று.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என் கணவர், அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே, கடைசி வரிசையிலிருந்து கேட்டார். "மனுஷன் எப்படி சார் தூங்குவான்?"

"டைமர்ல ஓடுது சார்" என்றார் வாட்ச்மேன் அண்ணன், விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு. "நீங்கதானே செட் பண்ணச் சொன்னீங்க." ஆனாலும் உள்ளே போய் நிறுத்தினார்.

அமைதி. அந்த இடத்தில் அப்படியோர் அமைதி இருக்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்காது. என் மகள்கூட அழுகையைப் பாதியில் விட்டாள். அக்கா கீபோர்டில் செக்ரட்டரிக்கான சுரத்தை ஒருமுறை தொட்டார். அவர் தாளைப் பார்த்தார். தாளில் இருந்தது, "பார்க்கலாம். அனைவரும் அனுசரித்துப் போகவும்."

அக்கா சுரத்தை மறுபடி தொட்டார்.

"பார்..." என்று எடுத்துவிட்டு நிறுத்தினார் செக்ரட்டரி. பொறுமை இழந்த கோரஸ் பெண்கள் அவரை முந்திக்கொண்டு தங்கள் வரிக்குப் போய்விட்டார்கள். "கை... கூப்பு. கை... கூப்பு." மிகவும் பக்தியாக.

கூட்டம் வெடித்தது. செக்ரட்டரியின் முகம் சிவந்து, பிறகு வேறு என்னவோ ஆனது. மேடையில் நிற்கும் நல்ல குரல்காரர் ஒருவருக்கு, தன் பாட்டு விழப்போகிறது என்பதைவிடப் பெரிய பயம் இல்லை போலும். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதே மெட்டில், அந்தக் கனமான குரலில் பாடினார். "பொங்கல் முடியட்டும். பிளம்பரை வரச் சொல்கிறேன்." மெட்டுக்குச் சொற்கள் போதாமல் பிளம்பரை நான்கு முறை கூப்பிட வேண்டியிருந்தது. மோட்டாரை இந்தச் சுவரிலிருந்து எடுத்து அந்தக் கோடியில் வைக்கிறேன் என்பதுவரை பாடினார். கைதட்டலில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்கே அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. இதையெல்லாம் முன்பே தீர்மானித்துத்தான் மேடை ஏறினேன் என்று பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

மேடையை விட்டு இறங்கும்போது அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "டைமர் நேரம் உங்களுக்குத் தெரியும்தானே? தெரிஞ்சுதானே கடைசி ஐட்டம் கேட்டீங்க?"

"அந்த பிளம்பர் எடத்துல சுருதி போயிட்ச்சு. கவனிச்சியா?" என்றார் அவர்.

பாடியதைப் பாடியபடியே செய்தார் செக்ரட்டரி. பொங்கல் முடிந்த வாரமே மோட்டார் மதில் ஓரத்துக்குப் போயிற்று. அடியில் ரப்பர் வைத்துப் பூட்டினார்கள்.

முதல் நாள் மதியம். தொட்டிலில் மகள் தூங்கினாள். கட்டிலில் கணவர் தூங்கினார். மதில் ஓரத்தில் மோட்டார் ஓடியதும் நின்றதும் தெரியவில்லை. அவள் தூங்கினாள். அவள் வழக்கமாக எழுந்து அழும் நேரம் வந்தது, போனது. இன்னும் தூங்கினாள். நான் சோற்றைப் பிசைந்து வைத்திருந்தேன். இவ்வளவு நேரம் ஒரு குழந்தை தூங்கலாமா? போனில் தேடினேன். தூங்கலாம் என்றது ஒன்று. கவனிக்கவும் என்றது இன்னொன்று. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது போலவும் இருந்தது, என் கையின் நடுக்கம் போலவும் இருந்தது. மார்பில் கை வைத்தேன். சரியாகத் தெரியவில்லை. லேசாக, மிக லேசாக, தோளைப் பிடித்து ஒருமுறை அசைத்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஊரே கேட்க வீறிட்டாள். கட்டிலில் கணவர் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து குரல் இறங்கி வந்தது.

"மோட்டாரத்தான் தூக்கி அந்தாண்ட வெச்சாச்சே. இப்ப யார்மா சுவிட்ச் போட்டது?"